"ஒண்டுமே இல்ல சேர், கல்லுதான்": ஓமானின் ஜித்தத் அல்-ஹராஸீஸ் சமவெளியின் கதை



பெருநாள் லீவுக்கு ஓமானில் இருந்து வந்திருந்த நம்மூர் காக்கா ஒருவரோடு அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் இருந்து சலாலாவுக்குப் பஸ்ஸில் போன கதையைச் சொன்னார்.

"நிஸ்வாவைத் தாண்டினாப் பிறகு ஒண்டுமே இல்ல சேர். அந்தப் பக்கமும் கல்லு, இந்தப் பக்கமும் கல்லு. ஹைமா எண்டு ஒரு இடத்துல நிப்பாட்டினான், டீ குடிச்சம், தொழுதம். ஏறினா திரும்பவும் கல்லுதான். அந்த இடத்த அல்லாஹ் என்னத்துக்குப் படைச்சானோ தெரியா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் டீ குடித்த அந்த ஹைமாவைப் பற்றி நான் முன்பு வாசித்திருக்கிறேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்த அந்தக் கல்வெளிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதற்கென்று ஒரு சனம் இருக்கிறது. அந்தச் சனத்திற்கென்று ஒரு பாஷை இருக்கிறது, அது அரபு இல்லை. உலகத்தில் எங்குமே காட்டில் மிஞ்சாமல் போன ஒரு மிருகம் திரும்பி வந்து கால் வைத்ததும் அதே கல்லின் மேல்தான்.

நம் வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். அந்த நாடுகளின் கட்டடங்களையும் கடைகளையும் நமக்குத் தெரியும். நிலத்தைத் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

■ இடம்

ஜித்தத் அல்-ஹராஸீஸ் என்பது அதன் பெயர். "ஜித்தா" என்றதும் சவூதியின் துறைமுக நகரம் நினைவுக்கு வரும், இது அதுவல்ல. ஹராஸீஸ் என்ற கோத்திரத்தாரின் சமவெளி என்று விளங்கிக்கொள்ளலாம். ஓமானின் நடுப்பகுதியில் இருக்கிறது. பரப்பு சுமார் 40,000 சதுர கிலோமீற்றர். நம் முழு இலங்கையும் 65,610 சதுர கிலோமீற்றர்தான் என்பதை வைத்து அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கே போனால் ருப்உல் காலி, அதாவது "வெற்றுக் கால்பகுதி" என்று அரபிகள் பெயர் வைத்த மணற்கடல். கிழக்கே ஹுக்ஃப் என்ற செங்குத்துச் சரிவு, அதில் ஏறக்குறைய 100 மீற்றர் கீழே இறங்கினால் அரபிக்கடலை நோக்கிப் போகும் தாழ்நிலம். இரண்டுக்கும் நடுவே மேசை போல ஒரு சுண்ணாம்புக்கல் மேடை. அதன் மேல் மணல் மிகக் குறைவு. நம் ஊர்க் கிரவல் வீதியில் பரப்பியிருப்பது போலச் சின்னக் கற்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மலை இல்லை, ஆறு இல்லை, குளம் இல்லை. ஒரு காலத்தில் கிணறும் இல்லை.

இந்தத் தட்டையான நிலத்திற்கு ஒரு விசேஷம் உண்டு. வானத்தில் இருந்து விழும் விண்கற்கள் உலகிலேயே அதிகமாகக் கண்டெடுக்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. வெளிறிய கல்லின் மேல் கறுப்புக் கல் கிடந்தால் தூரத்திலேயே தெரியும். மழையும் சேறும் குறைவு என்பதால் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் விழுந்த கல்லும் மண்ணுக்குள் புதையாமல் கிடக்கிறது. அங்கே எடுத்த கற்களுக்கு ஜித்தத் அல்-ஹராஸீஸ் என்ற பெயரோடு இலக்கம் போட்டுத்தான் விஞ்ஞானிகள் பதிவு செய்கிறார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

■ காற்றும் மூடுபனியும்

அங்கே வருடத்துக்குச் சராசரியாக 50 மில்லிமீற்றர் மழைகூடக் கிடைப்பதில்லை. அதுவும் ஒழுங்கில்லை. ஒரு இடத்தில் கொட்டும், பக்கத்தில் ஒரு துளி விழாது, சில வருடங்கள் ஒன்றுமே இருக்காது. நம் மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல். அப்படிப் பார்த்தால் அங்கே ஒரு புல் முளைக்கவும் நியாயமில்லை. ஆனால் முளைக்கிறது. செடிகள் இருக்கின்றன, மரங்கள் இருக்கின்றன, அவற்றைத் தின்று வாழும் உயிர்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள பாலைவனங்களோடு ஒப்பிட்டால் இதைச் செழிப்பான நிலம் என்றே சொல்ல வேண்டும்.

காரணம் கடலில் இருக்கிறது.

கிழக்கு மாகாணத்தில் உள்ளவர்களுக்குக் கச்சான் காற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியில் தொடங்கி மேற்கில் இருந்து சுட்டெரித்துக்கொண்டு வீசுகிறதே, அது தென்மேற்குப் பருவக்காற்று. காலிக்கும் இரத்தினபுரிக்கும் மலைநாட்டுக்கும் மழையைக் கொடுத்துவிட்டு நமக்கு வரும்போது வெறும் சூடாக வருகிறது. அதே பருவக்காற்று அமைப்பின் இன்னொரு பக்கம் ஓமானின் கரையோரமாக, கரைக்குச் சமாந்தரமாகப் பலமாக வீசுகிறது. அப்படி வீசும்போது கடலின் மேல்மட்ட நீரைக் கரையில் இருந்து அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்தில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரமான காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேலே வந்ததும் மூடுபனியாகிறது.

இரவானதும் கல்வெளி சீக்கிரம் சூடு இழக்கும். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று ஹுக்ஃப் சரிவைத் தாண்டி உள்ளே நுழையும். வருடத்தின் பல இரவுகளில், மழைக்காலம் அல்லாத நேரத்திலும், சமவெளியின் மேல் மூடுபனி இறங்குகிறது. மரத்தின் இலையும் முள்ளும் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக வேரடிக்கு இறக்குகின்றன. சுபஹ் நேரத்தில் கல்லும் செடியும் நனைந்திருக்கும். வெயில் ஏறியதும் அந்த ஈரம் இருந்த இடமே தெரியாது. பகலில் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சமவெளி பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் அங்கங்கே லேசான பள்ளங்கள் உள்ளன. அவற்றை ஹைலா என்கிறார்கள். எப்போதாவது பெய்கிற மழை அந்தப் பள்ளங்களுக்கு ஓடிவந்து, கூடவே நல்ல மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கேதான் மரங்கள். வேல மர இனங்கள் இரண்டு, அதோடு அரபியில் ஙாஃப் என்று சொல்லும் மரம். ஙாஃப் வேறொன்றுமில்லை, தமிழில் வன்னி மரம் என்கிறோமே, அதுதான். மண்ணுக்குள் வெகு ஆழத்துக்கு வேர் விட்டு, கடும் கோடையிலும் பச்சையாக நிற்கும் மரம்.

அந்த நிழலை நம்பி கேஸல் மான்கள், ஹுபாரா பறவைகள், ஓநாய், கரகால் பூனை, ஹுக்ஃப் சரிவில் மலை ஆடுகள். எல்லாவற்றுக்கும் மேலாக மஹா. மஹாவைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் மனிதர்கள்.

■ கிணறில்லாத நாட்டின் மனிதர்கள்

ஹராஸீஸ் சிறிய கோத்திரம். சில ஆயிரம் பேர்தான். முஸ்லிம்கள். ஆடும் ஒட்டகமும் வளர்ப்பவர்கள். பாலைவனத்து மக்கள் என்றதும் நாம் படங்களில் பார்க்கிற கறுப்புக் கூடாரம் இவர்களிடம் இருக்கவில்லை. ஒரு மரம்தான் வீடு. நிழலுக்குக் கிளையில் ஒரு துணியைக் கட்டுவார்கள், சாமான்களையும் கிளையிலேயே தொங்கவிடுவார்கள். ஆடுகளின் பொறுப்பு பெரும்பாலும் பெண்களிடம், ஒட்டகங்களின் பொறுப்பு ஆண்களிடம்.

தண்ணீர் இல்லாத நாட்டில் என்ன குடித்தார்கள்? பால். பனியில் நனைந்த செடியை ஆடும் ஒட்டகமும் தின்றன, அந்த ஈரம் பாலாகி மனிதருக்கு வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் சமவெளியின் ஓரங்களுக்கும் கரைப்பக்கத்துக்கும் போக வேண்டும். கடலில் இருந்து வந்த மூடுபனி செடிக்குள் போய், மிருகத்தின் மடிக்குள் போய், ஒரு மரக்கிண்ணத்தில் பாலாக விருந்தாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஒரு கிண்ணத்தைச் சம்பாதிக்க எத்தனை விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஹைலாவில் போன மாதம் மழை, எந்த மரத்தடியில் இப்போது புல், எந்தச் சுவடு யாருடைய ஒட்டகத்தினது, எந்தப் பக்கம் பனி அதிகம் இறங்கும். அடையாளம் சொல்ல ஒரு மலைகூட இல்லாத தட்டை நிலத்தில் வழி தவறாமல் நடக்க வேண்டும். ஒரு முறை தவறினால் போதும், ஆள் மிஞ்சமாட்டார்.

வெளியார் இவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்குள்தான். ருப்உல் காலியை முதலில் கடந்த ஐரோப்பியரான பேர்ட்ரம் தோமஸ் இவர்களின் பாஷையைப் பற்றி 1930களில் எழுதினார். வில்ஃபிரட் தெஸிகர் 1947இல் ஒட்டகத்தில் இந்தச் சமவெளி வழியாகப் போனார். அவர்களும் தனியாகப் போகவில்லை. உள்ளூர் பதூவிகள் வழிகாட்ட, அவர்களின் பாலைக் குடித்துக்கொண்டுதான் போனார்கள்.

■ 1958: முதல் கிணறு

மாற்றம் எண்ணெயோடு வந்தது. எண்ணெய் தேடிய கம்பனியின் குழு 1958இல் ஹைமாவில் ஒரு தண்ணீர்க் கிணறு தோண்டியது. பிறகு கரைப்பக்கமாக ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தள்ளி அல்-அஜாயிஸில் இன்னொன்று. இலங்கையின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் முதன்முதலாக இரண்டு கிணறுகள். கம்பனி தன் தேவைக்குத்தான் தோண்டியது. ஆனால் தண்ணீர் தண்ணீர்தான். அல்-அஜாயிஸில் நல்ல மேய்ச்சலும் இருந்ததால் குடும்பங்கள் அந்தப் பக்கம் கூடின. ஹைமாவைச் சுற்றி உப்புத்தரை, மேய்ச்சலுக்கு ஆகாது. ஆகவே மக்கள் அல்-அஜாயிஸைத் தேடினார்கள், அரசாங்கம் பிறகு தன் அலுவலகங்களை ஹைமாவில் கட்டியது. இடத்தை அறிந்தவனின் தெரிவும் வரைபடம் பார்க்கிறவனின் தெரிவும் எப்படி வேறுபடும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தார். அதன் பிறகு பிக்கப் வாகனங்கள் வந்தன. ஒட்டகத்தில் நாட்கணக்கில் போன தூரம் மணிக்கணக்காகியது. தண்ணீர் பௌசரில் வந்தது. முன்பு தண்ணீர் இல்லாததால் இருக்க முடியாத மேய்ச்சல் நிலத்திலும் இப்போது தண்ணீரைக் கொண்டுபோய் இருக்கலாம். மஸ்கட் – சலாலா வீதி ஹைமா வழியாகப் போடப்பட்டது. நம் காக்கா டீ குடித்த ஹைமா இப்படித்தான் உண்டானது. இன்று அது அல்-வுஸ்தா மாகாணத்தின் தலைநகர்.

இவையெல்லாம் கெட்டவை என்று சொல்ல எனக்கு வாயில்லை. கோடையில் தாகத்தில் குழந்தை அழுவதைப் பார்த்த தாய்க்குப் பௌசர் ஒரு ரஹ்மத். கிளினிக் ஒரு ரஹ்மத். ஆனால் அதே வாகனம் வேறு ஆட்களையும் உள்ளே கொண்டுவந்தது.

■ மஹா

நம்மூர்களில் பெண்பிள்ளைகளுக்கு மஹா என்று பெயர் வைக்கிறோம். அழகான கண்களை உடைய வெள்ளை நிறக் காட்டு விலங்கு அது. ஆங்கிலத்தில் ஓரிக்ஸ் என்பார்கள். மானும் மாடும் கலந்தாற்போல் உடம்பு, நீண்டு நிமிர்ந்த இரண்டு கொம்புகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கொம்பு போலத் தெரியும். அரபுக் கவிஞர்கள் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொன்னது இதைத்தான். ஓமானில் இருக்கிற நம்மவர்களுக்கு "அல் மஹா" பெற்றோல் நிலையங்களைத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரும் இதுவே.

வெள்ளைத் தோல் வெயிலைத் திருப்பி அனுப்பும். பகலில் மரத்தடியில் மண்ணைக் கிளறிக் குளிர்ந்த இடத்தில் படுத்திருக்கும். செடிகளில் ஈரம் கூடுதலாக இருக்கும் இரவிலும் விடியலிலும் மேயும். பச்சை கிடைத்தால் மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். மூடுபனி நாட்டுக்கென்றே படைக்கப்பட்ட மிருகம்.

ஒரு காலத்தில் அரேபியத் தீபகற்பம் முழுவதும் இருந்தது. ஹராஸீஸும் இதை வேட்டையாடியதுண்டு. நடந்தும் ஒட்டகத்திலும் துரத்தி எப்போதாவது ஒன்று. மோட்டார் வாகனமும் தானியங்கித் துப்பாக்கியும் வந்த பிறகு கணக்கு மாறியது. தட்டை நிலத்தில் வாகனத்தை விட்டு வேகமாக ஓட எந்த மிருகத்தாலும் முடியாது. வெளியில் இருந்து வேட்டைக் குழுக்கள் வந்தன. 1972 ஒக்டோபரில் ஜித்தத் அல்-ஹராஸீஸில் கடைசி மஹாக்கள் கொல்லப்பட்டன. அதோடு காட்டில் வாழும் மஹா உலகில் எங்குமே இல்லை.

ஆனால் பத்து வருடத்துக்கு முன்பே சிலர் இதை எதிர்பார்த்திருந்தார்கள். 1962இல் ஒரு குழு தென் அரேபியாவில் சில மஹாக்களைப் பிடித்தது. அவற்றோடு லண்டன் மிருகக்காட்சிசாலை, குவைத், சவூதி ஆகிய இடங்களில் இருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, ஒன்பது மிருகங்களை அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் வைத்து வளர்த்தார்கள். அந்த ஊரும் பாலைவன ஊர் என்பதால் அங்கே. "உலக மந்தை" என்று அதற்குப் பெயர்.

1980இல் அந்த வம்சத்தின் மஹாக்கள் அமெரிக்காவில் இருந்து ஓமானுக்குத் திரும்பின. சமவெளியில் யாலூனி என்ற இடத்தில் வேலியடைத்து வைத்தார்கள். 1982 ஜனவரியில் பத்து மஹாக்களுக்கு வேலியைத் திறந்துவிட்டார்கள். காவல் யார்? ஹராஸீஸ் ஆண்கள். அவர்கள் சுவடு பார்த்தால் எந்த மஹா, எப்போது போனது என்று சொல்வார்கள். விஞ்ஞானிகள் பதிவேட்டில் எழுதினார்கள், பின்தொடர்ந்து போய்ப் பார்த்து வந்தவர்கள் இவர்கள். மஹாக்கள் பெருகின. 1994இல் 27,500 சதுர கிலோமீற்றர் பரப்பைச் சரணாலயமாக்கி யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1996இல் 450 மஹாக்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

1996இலேயே திருட்டு தொடங்கியது. இம்முறை இறைச்சிக்கல்ல. உயிரோடு பிடித்து, தனியார் வளர்ப்பதற்காக நாட்டுக்கு வெளியே விற்பதற்கு. துரத்திப் பிடிக்கும்போதே செத்தவையும் ஏராளம், முக்கியமாகப் பெண் மிருகங்கள். சில வருடங்களில் எண்ணிக்கை சரிந்தது. 2007இல் 65 மட்டும், அதில் குட்டி போடக்கூடிய சோடிகள் ஏறக்குறைய நான்கு. அதே காலத்தில் அரசாங்கம் சரணாலயத்தின் பரப்பை 90 வீதம் குறைத்தது. எண்ணெய் தேடுவதற்கு நிலம் வேண்டியிருந்தது. 2007 ஜூனில் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பட்டியலில் இருந்து நீக்கியது. உலக மரபுரிமைப் பட்டியலில் இருந்து ஓர் இடம் முற்றாக நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

■ எங்கே பிழைத்தது?

திருடர்கள் கெட்டவர்கள், எண்ணெய்க்கு ஆசைப்பட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

ஹராஸீஸ் மக்களோடு 1980களின் தொடக்கத்தில் இருந்து வேலை செய்த மானிடவியலாளர் டோன் சாட்டி மற்றப் பாதியைப் பல இடங்களில் எழுதியிருக்கிறார். சரணாலயத்தின் எல்லையைக் கோடு போட்டபோது அந்த நிலத்தில் காலங்காலமாக மேய்த்தவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை. ஹராஸீஸில் சிலருக்குக் காவலர் வேலை கிடைத்தது, அயல் கோத்திரங்களுக்கு அந்தளவுக்கு இல்லை, அதனால் மனக்கசப்பு. எது எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற தீர்மானங்கள் மேலே இருந்து வந்தன. மஹா "நம்முடையது" என்ற நிலை மாறி "திட்டத்தினுடையது" ஆனது. திட்டத்தின் சொத்தைக் காப்பது சம்பளம் வாங்குபவரின் வேலை, ஊரின் வேலையல்ல.

இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். அந்த நிலத்தை முதலில் "ஒன்றுமில்லாத இடம்" என்று எண்ணெய்க்காகப் பார்த்தார்கள். பிறகு "அருமையான இடம்" என்று மிருகத்துக்காகப் பார்த்தார்கள். இரண்டு பார்வையிலும் அங்கே மரத்தடியில் ஆடு கறந்துகொண்டிருந்த பெண் தெரியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் விட்டதன் விலை என்ன என்று தெரிந்துவிட்டது.

மஹா முற்றாக அழிந்துவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மிஞ்சியவற்றை வேலிக்குள் கொண்டுவந்து வளர்த்தார்கள். இன்று அல்-வுஸ்தா வனவிலங்கு ஒதுக்கிடத்தில் பல நூறு இருக்கின்றன. சவூதி, அமீரகம், ஜோர்தானிலும் விட்டிருக்கிறார்கள். 2011இல் இதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தார்கள். காட்டில் முற்றாக அழிந்து திரும்பிய ஒரு மிருகம் அந்தளவுக்கு மீண்டது அதுவே முதல் முறை. ஆனால் 1982இல் திறந்துவிட்டபோது அவற்றுக்கு முன்னால் வேலியில்லாத சமவெளி இருந்தது. அது வேறு.

■ பாஷை

ஓர் ஆசிரியராக எனக்கு மிகவும் வலித்த பகுதி இது.

ஹராஸீஸின் தாய்மொழி ஹர்ஸூஸி. அரேபியாவின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த, அரபு அல்லாத பாஷை. இப்படி ஆறு பாஷைகள் ஓமானிலும் யெமனிலும் உள்ளன. மஹ்ரி, ஸொகொத்ரி, ஷஹ்ரி போன்றவை. அரபும் ஹீப்ருவும் இருக்கிற அதே குடும்பம்தான், ஆனால் அரபில் இருந்து பிரிந்தவையல்ல. அரபுக்குச் சகோதரிகள் என்று சொல்லலாம். எழுத்து வழக்கம் இல்லாதவை.

தஜ்வீத் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. "ளாத்" எழுத்தை நாக்கின் பக்கவாட்டில், கடைவாய்ப் பற்களோடு சேர்த்து மொழிய வேண்டும் என்று நம் ஹஸ்ரத்மார் எவ்வளவு பாடுபட்டுச் சொல்லித்தருகிறார்கள்! பழைய அரபு இலக்கண அறிஞர் ஸீபவைஹியும் அப்படித்தான் விவரித்தார். இன்று பெரும்பாலான அரபிகளின் அன்றாடப் பேச்சில் அந்த ஓசை மாறிவிட்டது. ஆனால் நாக்கின் பக்கத்தால் மொழியும் அந்தப் பழைய வகை ஓசைகள் ஹர்ஸூஸியிலும் அதன் சகோதர பாஷைகளிலும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. "ரமழான்" என்று நாம் ழகரம் போட்டு எழுதுவதும் அந்த எழுத்தைப் பிடிக்க நம் முன்னோர் எடுத்த முயற்சிதான். ஒட்டகம் மேய்க்கும் எழுத்தறியாக் கிழவர் அதை எந்தக் கிதாபும் பார்க்காமல் மொழிந்துகொண்டிருந்தார்.

1977இல் ஜோன்ஸ்டன் என்ற ஆய்வாளர் ஹர்ஸூஸிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். இன்று அதைப் பேசுபவர்கள் சில நூறில் இருந்து இரண்டாயிரத்துக்குள் என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ இதைச் சேர்த்திருக்கிறது. சமவெளியின் பெயரை ஒரு பட்டியலில் இருந்து எடுத்தார்கள், அதன் பாஷையின் பெயரை இன்னொரு பட்டியலில் போட்டார்கள்.

1980களின் தொடக்கத்தில் ஹைமாவில் விடுதியோடு ஒரு பாடசாலை திறந்தார்கள். பெற்றோர் மேய்ச்சலைத் தேடி இடம் மாறிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். முதலில் ஆண்பிள்ளைகள், பல வருடம் கழித்துப் பெண்பிள்ளைகள். பெற்றோர் விரும்பித்தான் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஓமானின் பாடசாலைகளில் படிப்பித்தவர்களில் பெரும்பகுதி எகிப்து போன்ற நாடுகளில் இருந்து வந்தவர்கள். எல்லாப் பாடமும் அரபில். குர்ஆனின் மொழி, அரசாங்கத்தின் மொழி, வேலையின் மொழி. பிள்ளை கெட்டிக்காரனாகத் திரும்பி வருகிறான். ஆனால் எட்டு வயதில் இருந்து அவன் விடுதியில். எந்தச் செடிக்கு என்ன பெயர், ஒட்டகத்தின் நடைக்கு என்ன சொல், பனி இறங்கும் இரவை எப்படி அறிவது என்பதெல்லாம் வாப்பாவோடும் மூத்தாப்பாவோடும் நடந்து திரிந்தால் வருகிற பாடம். அதற்குப் பாடப்புத்தகம் இல்லை.

அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அவர்களைப் போல ஒருவன். பயிற்சிக் கலாசாலையில் பாடத்திட்டத்தைக் கையில் தந்தார்கள், வகுப்புக்குள் போனோம். பிள்ளை வீட்டில் இருந்து கொண்டுவரும் அறிவை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. இன்று அவற்றைச் சரளமாக வாசிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? யாரும் தடை போடவில்லை. நாமாகவே விட்டுவிட்டோம்.

■ கடைசியாக

அன்று அந்தக் காக்காவிடம் இவற்றில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது, மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். மஹா பற்றிச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார். "நான் அந்தப் பெற்றோல் ஷெட்டிலதான் சேர் எந்நாளும் எண்ணெய் அடிக்கிற" என்றார்.

ஓமானில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சலாலாப் பக்கம் போகும்போது ஹைமாவில் பஸ் நின்றால், டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அந்தக் கல்வெளியைப் பாருங்கள். சுபஹ் நேரமென்றால் ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கலாம். பக்கத்தில் வயதான ஒரு பதூவி இருந்தால் ஸலாம் சொல்லி, உங்கள் பாஷையில் மழைக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே இருக்கும் நமக்கும் ஒரு விஷயம். நம் ஊர்களைச் சுற்றியும் "சும்மா கிடக்குது" என்று சொல்லப்படும் தரவையும் களப்போரமும் கடற்கரையும் இருக்கின்றன. நாளை யாராவது வரைபடத்தோடு வந்து அதில் ஒன்றைக் கட்டப்போகிறோம் என்றோ காக்கப்போகிறோம் என்றோ சொல்லலாம். அப்போது அங்கே மாடு மேய்த்த, வலை வீசிய, மூலிகை பறித்த மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம். இந்தத் தவணை விடுமுறையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் வேலை அதுதான்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய், ஊரில் "ஒன்றுமில்லாத" ஓர் இடத்தின் பெயரையும், அங்கே முளைப்பவற்றின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

வல்லாஹு அஃலம்.
வஸ்ஸலாம்.